ஓட்கேக்கை முறுகலாகச் சுடாதீர்கள்

ஸ்டாஃபோர்ட்ஷயர் ஓட்கேக் என்பது இங்கிலாந்தில் ஓட்ஸ் மாவைக் கரைத்து, கல்லில் தோசை போல ஊற்றிச் சுடும் மெத்தென்ற பண்டம். அதைப் புதிதாகச் சுடும் நம்மவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். உப்பு மறப்பது, முதல் ஓட்கேக் கல்லில் ஒட்டிக்கொள்வது எல்லாம் தானாகச் சரியாகிவிடும்; அதை விட்டுவிடுவோம்.

கஞ்சி ஓட்ஸ்

தட்டையான ஓட்ஸ் ஊறினால் கொழகொழவென்றாகும், கல்லில் பரவாது. நைசாக அரைத்த ஓட்ஸ் மாவுதான் வேண்டும். 225 கிராம் ஓட்ஸ் மாவுக்கு அதே அளவு கோதுமை மாவும் மைதாவும் கலந்தது, பாலும் தண்ணீரும் சரிபாதியாக 900 மில்லி, ஈஸ்ட், உப்பு.

பேக்கிங் பவுடர்

வேண்டாம். ஈஸ்ட் பொங்க ஒரு மணி நேரம் விடுங்கள்.

முறுகல் ஆசை

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. மாவை ஊற்றியதும் கண்கண்ணாகத் துளை விழும், மேலே ஈரம் காயும், திருப்பிப் போட்டால் பழுப்புப் புள்ளிகள் தெரியும். அவ்வளவுதான், எடுத்துவிட வேண்டும். ஒரு நண்பர் அதை எடுக்காமல் தோசை போலச் சுற்றிலும் எண்ணெய் விட்டு மொறுமொறுவென்று ஆக்கினார். அப்புறம் சீஸும் பேக்கனும் வைத்து மடித்தார். நடுவில் படக்கென்று உடைந்தது. கிரில்லில் வைத்ததும் சீஸ் முழுக்கத் தட்டில் வழிந்தது. அடுக்கி வைத்திருந்த மற்றதும் அதே கதிதான். ஞாயிற்றுக்கிழமைக் காலை உணவு மொத்தமும் வீண்.

ஓட்கேக் மடங்கியே ஆக வேண்டும். ஸ்டாஃபோர்ட்ஷயரில் பீங்கான் ஆலைகள் நிறைந்திருந்த ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் வீட்டு ஜன்னல் வழியாகவே இதை விற்றார்கள். அப்படி விற்றுவந்த கடைசிக் கடை, அந்நகரின் ஹான்லி பகுதியில் இருந்த 'ஹோல் இன் தி வால்', 2012இல் மூடப்பட்டது. இன்றும் அந்த ஊரில் ஓட்கேக் கடைகளுக்குக் குறைவில்லை. அரை டஜன், ஒரு டஜன் என்று வாங்கிப்போய், வீட்டில் சீஸ் வைத்துச் சூடாக்கி, பிரவுன் சாஸ் விட்டுச் சாப்பிடுகிறார்கள். மறுபடி சூடேறும்போதும் வளைந்து கொடுத்து, உள்ளே இருப்பதைத் தாங்க வேண்டும். முறுகல் வேண்டுமென்றால் கிரில்லில் ஓரம் மட்டும் லேசாகச் சிவக்கட்டும், போதும்.

ஸ்காட்லாந்து ஓட்கேக்

அது பிஸ்கட். கடையில் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

மீந்தது

ஆறவிட்டு, இடையிடையே தாள் வைத்து ஃப்ரீசரில் அடுக்குங்கள். திறந்து வைத்தால் காய்ந்துபோகும், அப்புறம் மடிக்கவே வராது.