இ20 பெட்ரோல்: எத்தனால் செய்வது பாதி, நாம் செய்வது பாதி

உங்கள் வாட்ஸ்அப்பிலும் அந்த வீடியோ வந்திருக்கும். ஒருவர் பெட்ரோலைப் பாட்டிலில் எடுத்து, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி நிமிர்த்தி வைப்பார். அடியில் தண்ணீர் தனியாக நிற்கும், அதுவும் ஊற்றியதைவிட அதிகமாக. "பாருங்க மக்களே, எவ்வளவு தண்ணி கலந்திருக்காங்க!" பாட்டில் காட்டுவது உண்மைதான், அவர் சொல்லும் அர்த்தம்தான் தப்பு. இப்போது பங்கில் வரும் இ20 என்பது 20 சதவீதம் எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்த பெட்ரோல். அந்த எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீர் மேல்தான் பாசம் அதிகம். தண்ணீரைக் கண்டதும் பெட்ரோலைக் கைவிட்டு அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். 100 மில்லி பெட்ரோலில் 10 மில்லி தண்ணீர் ஊற்றினால் அடியில் 25, 30 மில்லி நிற்பது அதனால்தான். உண்மையிலேயே தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் நாம் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கக் கூடாது. மெக்கானிக் ஷெட்டில் டேங்கிலிருந்து பெட்ரோலை இறக்கி, ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் போதும். ஒரே நிறத்தில் தெளிவாக நின்றால் தண்ணீர் பிரிந்து நிற்கவில்லை. இரண்டு அடுக்காக நின்றால் பிரச்சினைதான். பங்கில் இலவசமாகக் கேட்டு வாங்கக்கூடிய ஃபில்டர் பேப்பர் சோதனை இதற்கு உதவாது, அது மண்ணெண்ணெய் மாதிரியான கலப்படத்தைக் கண்டுபிடிக்க.

நம் நாட்டில் எத்தனால் புதிதாக வந்ததும் இல்லை. 2003-இல் 5 சதவீதத்தில் ஆரம்பித்தது, 2022-இல் 10 ஆனது, 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை அறிமுகப்படுத்தினார்கள், 2025-இல் அதுவே நாடு முழுக்க சாதா பெட்ரோல் ஆகிவிட்டது. கொஞ்சம் காசு கூடக் கொடுத்து பிரீமியம் போட்டால் எத்தனாலிலிருந்து தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பிரீமியம் என்றால் ஆக்டேன், அதாவது இன்ஜினைத் தட்டவிடாமல் எரியும் திறன், கூடிய பெட்ரோல். ஆக்டேன் வேறு, எத்தனால் வேறு. எத்தனால் சேர்த்தாலே ஆக்டேன் ஏறும். பிரீமியம் என்ற போர்டை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்த தவறு, எல்லா வண்டிக்கும் ஒரே பதில் தேடுவது. "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று ஒருவர், "என் வண்டியே போச்சு" என்று இன்னொருவர், இருவரும் உண்மையே சொல்லலாம், ஏனென்றால் ஒருவரது வண்டி 2024 மாடல், மற்றவரது 2010. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ரப்பர், பிளாஸ்டிக், உலோகப் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி இருக்க வேண்டும் என்று திட்டமிட்டார்கள், 2025 ஏப்ரலிலிருந்து இன்ஜினும் அதற்கேற்ப டியூன் செய்து வர வேண்டும் என்றார்கள். 2020-இல் வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், அதிலுள்ள ஆக்சிஜன் சென்சார் காற்று-பெட்ரோல் கலவையை ஓரளவு சரிசெய்துகொள்ளும். காற்றையும் பெட்ரோலையும் கார்புரேட்டரில் கலக்கும் பழைய வண்டிக்கு அந்த மூளை கிடையாது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய செட்டிங்கிலேயே விட்டால் காற்று அதிகம் பெட்ரோல் குறைவு என்ற நிலைக்குப் போய்விடும். காலையில் சோக் இழுத்தும் முரண்டு பிடிக்கும், ஆக்ஸிலேட்டரைத் திருப்பும்போது திணறும், சூடும் ஏறும். மெக்கானிக்கிடம் சொல்லி கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவையும், பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் மூடி பக்கம் உள்ள ஸ்டிக்கரையும் ஓனர்ஸ் மேனுவலையும் ஒருதரம் பார்ப்பது வாட்ஸ்அப்பை நூறுதரம் பார்ப்பதைவிட மேல்.

மைலேஜ் குறையுமா? குறையும், அதை மறுப்பவர்களை நம்ப வேண்டாம். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். மத்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே, 10 சதவீதத்துக்கு அமைத்த பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதமும் பைக்குகளில் 3 முதல் 4 சதவீதமும் குறையும் என்று சொன்னது. அதாவது 15 கொடுத்த கார் 14, 50 கொடுத்த பைக் 48. ஆனால் 50 கொடுத்தது 35-க்கு வந்துவிட்டது என்றால் எத்தனாலைத் திட்டிக்கொண்டு உட்காராதீர்கள். டயரில் காற்று, அடைத்த ஏர் ஃபில்டர், ஒட்டிப் பிடிக்கும் பிரேக், தேய்ந்த கிளட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். கணக்கும் மீட்டரில் தெரியும் எண்ணை வைத்துப் போடக் கூடாது. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும், அதையும் மூன்று நான்கு தடவை.

இனி நானே செய்த தவறு. மச்சான் வளைகுடாவுக்குக் கிளம்பும்போது தன் 2011 பைக்கை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்கிறேன் என்று சொன்னேன், முதல் இரண்டு வாரம் செய்தேன், அப்புறம் மழை வந்தது, மறந்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்து கிக்கர் உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். மெக்கானிக் அண்ணன் கார்புரேட்டரின் அடியில் உள்ள ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வந்ததை ஒரு டீ கிளாஸில் பிடித்தார். மேலே வெளிர் மஞ்சளாகப் பெட்ரோல், கீழே கலங்கலாக விரல் தடிமனுக்கு இன்னொன்று. பைலட் ஜெட்டில் வெள்ளையாகப் பொடி. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் ஊறிப்போய் பிசுபிசுத்தது. "வண்டி ஓடிக் கெடல தம்பி, நிறுத்தி வெச்சே கெடுத்திருக்கீங்க" என்றார். பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

கார்புரேட்டர் வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பர் காலியாகிவிடும். டேங்கை அரைகுறையாக விடாமல் நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும், துருவும் குறையும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் போட்டு இரண்டு நிமிடத்தில் அணைப்பதில் பெரிய பலனில்லை, கால் மணி நேரம் தெருவில் ஓட்டிவிட்டு வாருங்கள்.

அந்த பைக்கில் அவ்வளவு தண்ணீர் எப்படி வந்தது? காற்றின் ஈரம் மட்டும் அத்தனை செய்யாது. டேங்க் மூடியைத் திறந்தால் வாயைச் சுற்றியுள்ள பள்ளத்தில், நிறைய பைக்குகளில் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். மூடிமேல் தேங்கும் மழைத்தண்ணீர் அதன் வழியாக ஒரு குழாயில் இறங்கி வண்டிக்கு அடியில் போய்விடும். மச்சான் வண்டியில் அது மண்ணடைத்துக் கிடந்தது, மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது, தண்ணீர் போக வேறு வழியில்லாமல் டேங்குக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. எத்தனால் இல்லாத காலத்தில் அந்தத் தண்ணீர் சும்மா அடியில் கிடக்கும். இப்போது கொஞ்சம் வரை பெட்ரோலோடு கலந்து மறைந்திருக்கும், அளவு தாண்டியதும் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு மொத்தமாகக் கீழே இறங்கும். 10 லிட்டர் டேங்குக்கு ஒன்றிரண்டு டீ கிளாஸ் தண்ணீரே போதும். மழைக்காலத்துக்கு முன் அந்த ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டு எடுத்து, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்துவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் விடும்போது மூடிமேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள்.

பழைய வண்டிக்கு இரண்டு சின்னச் செலவுகள் உண்டு, அதைத் தள்ளிப்போடுவதும் தவறுதான். எத்தனால் டேங்கில் படிந்த பழைய பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கும், எனவே ஃபில்டரை ஒருமுறை மாற்றுங்கள். ஹோஸை மாற்றும்போது எத்தனால் தாங்கும் ரகமாகக் கேளுங்கள். பெட்ரோல் கசியும் வாசனை வந்தால் நாளைக்கு என்று விடாதீர்கள், தீப்பிடிக்கும் விஷயம் அது. இந்தச் செலவைப் பழைய வண்டிக்காரர் தலையில் கட்டியது எனக்குச் சரியாகப் படவில்லை. குறைந்தபட்சம் எத்தனால் இல்லாத பெட்ரோலையும் ஒரு பம்ப்பில் வைத்திருக்கலாம். அதைக் கேட்டுப் போட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது.

அதற்காக மாற்று வழி என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். எத்தனாலை நீக்கிவிடும் என்று விற்கும் சின்ன பாட்டில்களை நம்பாதீர்கள். டேங்கில் ஊற்றும் எந்த மருந்தும் உள்ளே இருக்கும் எத்தனாலை ஆவியாக்கி அனுப்பாது. இன்னும் சிலர் மொட்டைமாடியில் பெட்ரோலைத் தண்ணீரில் கலக்கிக் 'கழுவி' மேலே நிற்பதை மட்டும் எடுத்து வண்டியில் ஊற்றுகிறார்கள். எத்தனாலோடு சேர்ந்து ஆக்டேனும் போய்விடும், ஏற்றத்தில் இன்ஜின் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பிக்கும். அதைவிட, திறந்த பக்கெட்டில் பெட்ரோல் ஆவி, பக்கத்தில் யாராவது ஒரு பீடி பற்றவைத்தால் முடிந்தது கதை. பக்கெட் அடியில் மிஞ்சும் அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள், சாக்கடையில்தானே?