எதற்குப் பதிலாக எதைப் போட்டீர்கள்?

உணவையும் இடப்பெயர்வையும் வைத்து ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்றால், "இந்தச் சாப்பாடு உங்களுக்கு ஏன் முக்கியம்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அம்மாவின் கைமணம், ஊர் ஞாபகம் என்று எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அது பொய் இல்லை, ஆனால் மேற்கொண்டு தோண்ட அதில் ஒன்றும் இருக்காது. நான் கேட்பது வேறு: வந்த புதிதில் எது கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாக எதைப் போட்டீர்கள்? கடை எவ்வளவு தூரம், கையில் காசு இருந்ததா, வாடகை வீட்டில் வாசனை வருகிறது என்று யார் முகம் சுளித்தார்கள், பதிலுக்குப் போட்டதே எப்போது பிடித்துப்போனது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பேட்டியை முடிந்தால் அடுப்படியில், சமைக்கும்போதே எடுங்கள். அளவு கேட்டால் "கண்ணளவுதான்" என்பார்கள். ஒரு பிடி அள்ளிப் போடப் போகும்போது குறுக்கே கிண்ணத்தை நீட்டி வாங்கி, எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். சிரிப்பார்கள், அந்தச் சிரிப்போடு "முன்னெல்லாம் இதில் பாதிதான் போடுவேன்" என்று ஒரு வார்த்தை விழும். ஏன் என்று அப்போது கேளுங்கள். (ரெக்கார்டரை மிக்ஸி பக்கத்தில் வைத்துவிட்டு வெறும் இரைச்சலோடு வீடு திரும்பியவன் சொல்கிறேன், தள்ளி வையுங்கள்.) சம்மதம் முன்பே வாங்குங்கள். ஆவணம் இல்லாமல் தங்கியிருப்பவர் என்றால் தெருப் பெயர்கூடக் குறிப்பில் வேண்டாம்.

சரி, இதையே வகுப்பில் பாடமாக நடத்துவது எப்படி? "உங்கள் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவாருங்கள்" என்பது எனக்குப் பிடிக்காது. ஒரு பிள்ளை தன் சமூகம் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிடும், விடுதியில் வளர்ந்த பிள்ளை எதைக் கொண்டுவரும்? பொருளில் இருந்து தொடங்குங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில் இருந்து 1492க்குப் பிறகு கடல் தாண்டியவை. அப்படியானால் தக்காளி எப்போது இத்தாலியருக்கு 'நம்முடையது' ஆனது என்று தேடச் சொல்லுங்கள். அப்புறம் சர்க்கரை: கரீபியத் தோட்டங்களில் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பு இங்கிலாந்துத் தொழிலாளியின் தேநீருக்குள் எப்படி வந்தது என்று மானிடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985இல் விரிவாக எழுதினார். எல்லோரும் விரும்பிப் புறப்பட்டவர்கள் இல்லை என்பது மாணவர்களுக்கு அங்கே உறைக்கும்.

பேட்டியில் யாராவது 'இதுதான் அசல் சமையல்' என்றால் சரியா தப்பா என்று தீர்ப்பு சொல்லாமல், யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வரலாற்றைச் சொல்பவர் அப்பா, சமைத்தவர் அம்மா. அப்பா சொல்லி முடிக்கட்டும், அப்புறம் அதே கேள்வியை அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்.