விதைக்கிறவளைத் தேய்க்காதீர்கள்

எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளக்காரர். அங்கிருந்து ஓய்வு பெற்று வந்து, புதுச்சேரிப் பாகூரில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர். அவர் போன பிறகு ஆயாவின் தகரப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு துணி முடிச்சு கிடைத்தது. உள்ளே மூன்று காசு, மூன்றும் பிரான்சின் ஐந்து பிராங்கு நாணயம். ஒரு பக்கம் விதைப்பையோடு, காற்றில் கூந்தல் பறக்க, கையை வீசி விதைத்துக்கொண்டே நடக்கும் பெண். அவளுக்குப் பின்னால் சூரியன். ஆயாவுக்குப் பிரெஞ்சில் ஓர் எழுத்து தெரியாது. 'விதைக்கிறவ காசு' என்றுதான் சொல்வார்.

அந்த உருவத்தைச் செதுக்கியவர் ஆஸ்கார் ரோட்டி. 1897இல் பிரான்சின் வெள்ளிக்காசில் முதலில் வந்தாள். 1960இல் புதிய பிராங்கு வந்தபோது மறுபடி வந்தாள். சொல்தா வீடுகள் நிறைந்த புதுச்சேரியில் இன்னும் எத்தனை பெட்டிகளில் இருக்கிறாளோ. உங்கள் வீட்டில் கிடைத்தால், நான் செய்த தப்பைச் செய்யாமல் இதைப் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். ஐந்து பிராங்கில் 1960 முதல் 1969 வரை வெள்ளி. 1970 முதல் அதே படம், அதே 29 மி.மீ. அகலம், ஆனால் வெளியே நிக்கல், உள்ளே செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். வெள்ளிக்காசு 12 கிராம், நிக்கல் காசு 10 கிராம். விளிம்பைத் தடவினாலே தெரியும்: வெள்ளியில் 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்ற பிரெஞ்சுச் சொற்கள் புடைத்து நிற்கும், நிக்கலில் வெறும் வரிகள்தான். 1968, 1969 காசுகளைக் குறைவாகவே அடித்தார்கள். அவை இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள்.

ஒரு பிராங்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1960 முதல் வந்த ஒரு பிராங்கு சுத்த நிக்கல், காந்தத்தில் டக்கென்று ஒட்டும். 1898 முதல் 1920 வரையிலான பழைய ஒரு பிராங்குதான் வெள்ளி, 5 கிராம்.

சந்தேகம் இருந்தால் உரசிப் பார்க்கக் கொடுக்காதீர்கள், தண்ணீரில் பாருங்கள். இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசு போதும். முதலில் காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து அது காட்டுவதைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி பிடியுங்கள். கை ஆடக் கூடாது. ஐந்து பிராங்கு வெள்ளிக்காசு என்றால் தராசு சுமார் 1.18 காட்டும். எடையை அதனால் வகுத்தால் 10.2க்குப் பக்கத்தில் வரவேண்டும், 83.5 சதவீத வெள்ளியும் மீதி செம்பும் கலந்தால் அடர்த்தி அவ்வளவுதான். 9க்குக் கீழே போனால் அது வெள்ளி இல்லை.

சரி, நான் செய்த தப்பு. மூன்றில் ஒன்று கறுத்திருந்தது. குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல விபூதி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது, சந்தோஷப்பட்டேன். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது மேலெல்லாம் மயிரிழை போலக் கீறல். அவள் உடையின் மடிப்புகள் மழுங்கிவிட்டன. அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டானது. தேய்த்தால் அதோடு வெள்ளியும் போகும். விபூதி, புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, பஞ்சுத் துணியில் ஒற்றுங்கள். ஒற்றத்தான் வேண்டும், துடைக்கக் கூடாது.

நம் ஊர் கடல் காற்றுக்கு வைப்பு முறையும் முக்கியம். ரப்பர் பேண்டு போடாதீர்கள், அதிலும் கந்தகம் இருக்கிறது. மிருதுவான பிவிசி பிளாஸ்டிக் உறையில் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். காசுக்கென்றே விற்கும் கெட்டியான அக்ரிலிக் டப்பாவில் வைத்து, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

ஒரு நகைக்கடையில் உருக்கித் தருவதாகச் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. 12 கிராமில் சுத்த வெள்ளி 10 கிராம் இருக்கிறது. அன்றைய கிராம் விலையைப் பத்தால் பெருக்கினால் வருவது உலோகத்தின் விலை மட்டும். யார் கேட்டாலும் அதற்குக் கீழே இறங்காதீர்கள். நூறு வருஷம் தாண்டிய பழைய பிராங்கு இருந்தால் பாரிஸ் போகும் சொந்தக்காரரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

கடைசியாக, டப்பாவோடு ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள், பென்சிலில் எழுதி. என்னுடையதில் இப்படி இருக்கிறது: 'விதைக்கிறவ காசு. தாத்தா கொண்டுவந்தது. ஆயா பெட்டியில், அரக்குப் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது.'