ஆஸ்திரேலியச் சட்டப் பிரிவைப் படித்துப் பொருள் காண்பது எப்படி?

முதலில் சரியான பிரதியை எடுங்கள். பொதுவாக, சம்பவம் நடந்த நாளில் அமலில் இருந்த வாசகம்தான் வேண்டும். ஃபெடரல் சட்டங்களின் அரசுப் பதிவேட்டுத் தளத்தில் பழைய தொகுப்புகள் தேதிவாரியாகக் கிடைக்கின்றன. ஃபெடரல் சட்டமானால், சட்டங்களை எப்படி வாசிப்பது என்று சொல்லும் 1901ஆம் ஆண்டின் பொருள்விளக்கச் சட்டத்தையும், நியூ சவுத் வேல்ஸ் சட்டமானால் 1987ஆம் ஆண்டினதையும் கூடவே திறந்து வையுங்கள்.

அடுத்தது வரையறைகள். பலரும் சறுக்குவது இங்கேதான். வரையறையை மட்டும் தனியாக வாசித்து முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வரையறையின் சொற்களைப் பிரிவுக்குள் எழுதிச் சேர்த்து, முழு வாக்கியமாக வாசியுங்கள். 2004இல் கெல்லி வழக்கில் நீதிபதி மெக்ஹியூ வலியுறுத்திய முறை இது.

சொல், சூழல், நோக்கம் மூன்றையும் சேர்த்தே பாருங்கள். சொல் குழப்பமாக இருந்தால்தான் சூழலைப் பார்க்க வேண்டும் என்பதில்லை. சட்டத்தின் நோக்கத்துக்குத் துணைநிற்கும் பொருளையே 1901ஆம் ஆண்டுப் பொருள்விளக்கச் சட்டத்தின் 15ஏஏ பிரிவு விரும்புகிறது. மசோதாவை விளக்கி அமைச்சர் நாடாளுமன்றத்தில் ஆற்றும் இரண்டாம் வாசிப்பு உரையை, அதே சட்டத்தின் 15ஏபி பிரிவின்படி துணைக்கு எடுக்கலாம். ஆனால் அந்த உரை சட்ட வாசகத்தின் இடத்தைப் பிடிக்க முடியாது.

சின்னச் சொல்லும் வழக்கைத் தீர்த்துவிடும். நுகர்வோர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, ‘வர்த்தகத்தில் அல்லது வணிகத்தில்’ ஏமாற்றும் நடத்தையைத் தடை செய்கிறது. இதே சொற்கள் அதற்கு முந்தைய 1974ஆம் ஆண்டு வணிக நடைமுறைகள் சட்டத்திலும் இருந்தன. ஒரு கட்டடத்தில், காற்றுக் குழாய்த் தண்டின் கிராதி எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று ஃபோர்மன் (வேலை மேற்பார்வையாளர்) தவறாகச் சொன்னதால் விழுந்ததாக ஒரு தொழிலாளி வழக்குத் தொடுத்தார். ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட் 1990இல் அதை ஏற்கவில்லை. வணிகத்தோடு ஏதோ தொடர்பு இருந்தால் போதாது, அந்த நடத்தைக்கே வணிகத் தன்மை வேண்டும் என்றது. ‘தொடர்பாக’ என்றில்லாமல் ‘இல்’ என்று இருந்ததே காரணம்.

ஃபெடரல் குற்றப் பிரிவில், செய்தவரின் மனநிலை பற்றி ஒன்றும் எழுதவில்லையென்றால் அது தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். குற்றவியல் தொகுப்பின் 5.6 பிரிவு இடைவெளியை நிரப்பும்: செயலுக்கு உள்நோக்கம், சூழ்நிலைக்கும் விளைவுக்கும், ஆபத்து தெரிந்தும் நியாயமின்றித் துணிதல். கடும் பொறுப்பு (மனநிலையை நிரூபிக்கத் தேவையில்லை) என்று பிரிவே சொன்னால் கதை வேறு; அப்போதும், நியாயமான பொருண்மைத் தவறு, அதாவது உண்மை நிலவரத்தை நியாயமாகவே தவறாக நம்பினேன் என்ற எதிர்வாதம் உண்டு. அறவே பொறுப்பு என்று பிரிவு சொன்னால் அந்த எதிர்வாதமும் கிடையாது.

சட்ட வாசகத்தின் பொருளில் எழும் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்ற விதியை எடுத்த எடுப்பிலேயே நீட்டாதீர்கள். 1976இல் பெக்வித் வழக்கில் நீதிபதி கிப்ஸ் அதைக் கடைசிப் புகலிடம் என்றார். மற்ற விதிகளையெல்லாம் பொருத்திப் பார்த்த பிறகும் ஐயம் மிஞ்சினால் மட்டுமே அதற்கு வேலை.