சீஸ் ஆன ஆர்எக்ஸ் 100 இன்ஜினை வீட்டிலேயே சரிசெய்யும் முறை

ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் சட்டென்று இறுகி, கிளட்சைப் பிடித்ததும் வண்டி உருண்டு நின்று, அதன்பின் கிக்கர் அசையவே மறுத்தால், பெரும்பாலும் பிஸ்டன், தான் ஏறி இறங்கும் உருளையான பிளாக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பொருள். இதைத்தான் பட்டறையில் 'சீஸ் ஆகிவிட்டது' என்பார்கள். யமஹா ஆர்எக்ஸ் 100, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டாக 1985 முதல் 1996 வரை இந்தியாவில் உருவான டூ ஸ்ட்ரோக் வண்டி. வால்வும் கேமும் டைமிங் செயினும் அதன் ஹெட்டில், அதாவது பிளாக்கின் மேல்மூடியில், கிடையாது. ஆகவே பொறுமையும் ஓரளவு கருவிகளும் உள்ள எவரும் இதன் மேற்பகுதியை வீட்டிலேயே பிரித்துச் சேர்த்துவிடலாம். ஆனால் பிஸ்டனை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுபவர்கள் சில நூறு கிலோமீட்டருக்குள் மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்பார்கள். எதனால் சீஸ் ஆனது என்பதற்கு விடை கிடைக்கும் முன் புதிய பிஸ்டனை உள்ளே இறக்கக்கூடாது. இந்த வேலையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கலாகாது.

பிரிப்பதற்கு முன் வண்டியைக் கழுவிக் காயவிடுங்கள். கார்புரேட்டரைச் சுற்றி ஒட்டியிருக்கும் மணல் பிளாக்கைத் தூக்கும் நேரத்தில் நேராக, பிளாக்கின் அடியில் கிராங்க் சுழலும் பெட்டிக்குள் விழும். கிக்கரை மிதித்து விடுவிக்க முயல வேண்டாம். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியாகச் சிறிது டூ டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான எண்ணெய்) டீசலும் கலந்து ஊற்றி ஓர் இரவு விட்டுவிட்டு, மறுநாள் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி, அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத இடத்தில் வையுங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும், நட்டுகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் போட்டுவைப்பதும் மூன்று நாள் கழித்துச் சேர்க்கும்போது எவ்வளவு உதவும் என்பது அப்போதுதான் தெரியும்.

சைலன்சர், கார்புரேட்டர் என்ற வரிசையில் கழற்றிவிட்டு, ஆயில் பம்பிலிருந்து வரும் மெல்லிய குழாயின் முனையை அடைத்து வையுங்கள். ஹெட்டின் நான்கு நட்டுகளையும் குறுக்குக் குறுக்காக, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஒரே நட்டை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹெட் வளைய இடமுண்டு. பிளாக் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் லேசாகத் தட்டுங்கள்; இடையில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் பேக்கிங் அமரும் முகம் கீறிப்போகும், பிறகு எந்த பேக்கிங்கும் அங்கே காற்றைத் தடுக்காது. பிளாக் இரண்டு அங்குலம் உயர்ந்ததும் நிறுத்தி, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைச் சுற்றிச் சுத்தமான பருத்தித் துணியைத் திணித்துவிட்டு மீதியைத் தூக்குங்கள். உடைந்த ரிங் துண்டோ, பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் பின் லாக்கோ உள்ளே விழுந்துவிட்டால், ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகிவிடும். துணியை மறந்த ஒரு முறை, பின் லாக்கைத் தேடி நூலில் கட்டிய காந்தத்தோடு நான் ஒரு மாலை முழுவதும் குனிந்து கிடந்தேன்.

இப்போது பிஸ்டனை வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பாருங்கள், கழுவ வேண்டாம். கீறல் எங்கே விழுந்திருக்கிறது என்பதே நோயைச் சொல்லும். முன்பக்கம், அதாவது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கத்தில் மட்டும் நீளக் கீறல்கள் இருந்தால், ஆயில் போதாமல் போயிருக்கிறது அல்லது பெட்ரோலைக் காட்டிலும் காற்று மிகுந்த கலவையில் இன்ஜின் ஓடியிருக்கிறது. இன்ஜினில் மிகவும் சூடாகும் பக்கம் அதுவே என்பதால் எண்ணெய்ப் படலம் முதலில் அங்கேதான் அறுபடும். சுற்றிலும் நான்கு இடங்களில் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால், பிஸ்டனுக்கும் பிளாக்குக்கும் நடுவே விட்ட இடைவெளி குறைவு, அல்லது இன்ஜின் சூடேறும் முன்பே ஆக்ஸிலேட்டரை முறுக்கியிருக்கிறார்கள். அலுமினிய பிஸ்டன், பிளாக்கின் உட்சுவரான இரும்பு லைனரைவிட வேகமாக விரியும். பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுந்திருந்தாலோ மெழுகு போல் உருகியிருந்தாலோ, காற்று மிகுந்த கலவையோ, இக்னிஷன் முந்தி எரிவதோ, வெப்பத் திறன் பொருந்தாத பிளக்கோ காரணமாக இருக்கும்.

காற்று எங்கிருந்து கூடுதலாக வரும்? கார்புரேட்டருக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள இன்லெட் ரப்பர், வயதானால் உள்மடிப்பில் வெடிக்கும். கையால் வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். மின்சாரம் தரும் மேக்னெட் இருக்கும் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் காய்ந்துபோனால் அவ்வழியே காற்று உள்ளே இழுக்கப்படும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கதையே வேறு: கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெண்புகை தள்ளும், கியர் பெட்டியில் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். இவற்றோடு இன்று மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் பங்குகளில் இப்போது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய அளவு ஜெட்டோடு (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) ஓடும் கார்புரேட்டரில் கலவை ஓரளவு காற்று மிகுந்ததாக மாறும். அது ஈரத்தையும் ஈர்க்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்பதற்கு இது ஒரு காரணம். பழைய ரப்பர் குழாய்களும் அதில் ஊறி இளகும். ஆகவே பெட்ரோல் குழாய், இன்லெட் ரப்பர், மேக்னெட் பக்கத்து சீல் ஆகிய மூன்றையும் சந்தேகமே இல்லாவிட்டாலும் மாற்றிவிடுவது நல்லது. மேக்னெட்டைக் கழற்றுவதற்கு அதற்குரிய புல்லரைத்தான் பயன்படுத்த வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்கின் முனையும் மரையும் போய்விடும்.

கிராங்கைச் சோதிக்க, கனெக்டிங் ராடை இரு கைகளாலும் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். மேல்கீழ் ஆட்டம் துளியும் இருக்கக்கூடாது. பக்கவாட்டில் சற்று நகர்வது இயல்பே. மேல்கீழாக 'டக் டக்' என்று உணர்ந்தால் ராடின் அடிமுனையிலுள்ள பிக் எண்ட் பேரிங் முடிந்துவிட்டது. இன்ஜினை இரண்டாகப் பிரித்து, கிராங்கை பிரஸ்ஸில் வைத்துப் பிரித்துப் புது ராடு கிட் ஏற்றி, பிறகு டயல் கேஜ் வைத்து நேராக்க வேண்டும். இதை வீட்டில் செய்ய முயலாதீர்கள். கிராங்க் வேலையில் பெயர் பெற்ற லேத் ஒன்று ஏறக்குறைய எல்லா நகரங்களிலும் இருக்கும்.

பிளாக்குக்கு வருவோம். இது அலுமினியத் துடுப்புகளுக்குள் இரும்பு லைனர் பொருத்தியது. லைனரில் அலுமினியம் லேசாகத்தான் ஒட்டியிருக்கிறது, நகத்தால் வருடினால் கீறல் எதுவும் தட்டுப்படவில்லை என்றால், 400 எண் உப்புத்தாளைக் கொண்டு குறுக்குக் குறுக்காகத் தேய்த்து மீட்டுவிடலாம். நகம் தட்டினால் போர் போட்டே, அதாவது லேத்தில் துளையைக் கடைந்து பெரிதாக்கியே, ஆக வேண்டும். பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற ஓவர்சைஸ் அளவுகளில் கிடைக்கும். இங்கே பலரும் வரிசையை மாற்றிச் செய்து பணத்தை இழக்கிறார்கள். பிளாக்கை முதலில் போர் போட்டுவிட்டு அதற்குப் பிஸ்டன் தேடக்கூடாது. பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் பிளாக்கோடு சேர்த்து லேத்தில் கொடுத்து, இந்தப் பிஸ்டனை அளந்து இதற்கேற்பவே போர் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். பெட்டியில் 0.50 என்று அச்சிட்டிருப்பது பெயர்தான். மைக்ரோமீட்டர் காட்டும் அளவுதான் அளவு. இடைவெளியைப் பிஸ்டன் தயாரிப்பாளர் தரும் குறிப்பின்படி கேளுங்கள். காற்றால் குளிரும் இந்த அளவு இன்ஜின்களில் அது ஒரு மில்லிமீட்டரின் நூறில் நான்கைந்து பங்கு என்ற அளவில் அமையும். வேலை முடிந்து வரும் பிளாக்கில் கல்லால் தேய்த்த ஹோனிங் கோடுகள் குறுக்குமறுக்காக ஓடியிருக்க வேண்டும். கலவையும் புகையும் போய்வரும் போர்ட் துளைகளின் விளிம்புகள் மழுங்கச் சீவப்பட்டிருக்க வேண்டும். கூராக இருந்தால் ரிங் அதில் மாட்டி முதல் நாளே உடையும். மறந்துபோகும் லேத்துகள் உண்டு. விரலால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

ஆர்எக்ஸ் 100 பிளாக்கின் துளை 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மி.மீ.; கொள்ளளவு 98 சி.சி. நான்காவது போரில் துளை 51 மி.மீ. ஆகும்போது அது சுமார் 102 சி.சி. ஆகிவிடும். வண்டி முன்பைவிட இழுக்கிறது என்று சிலர் சொல்வதற்கு இந்த நான்கு சி.சி.யை நான் காரணமாக ஏற்கமாட்டேன். புது ரிங்கின் இறுக்கம்தான் அது. அந்த போருக்குப் பின் லைனரை மாற்றுவதுதான் வழி.

லேத்திலிருந்து வந்த பிளாக்கைப் பெட்ரோலில் கழுவினால் போதாது. ஹோனிங் கல்லின் துகள்கள் கோடுகளுக்குள் பதிந்திருக்கும். வெந்நீரும் துணி சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால் தேயுங்கள். வெள்ளைத் துணியால் துடைக்கும்போது சாம்பல் நிறம் வருவது நிற்கும் வரை கழுவி, உலர்ந்த கணமே டூ டி ஆயில் பூசுங்கள். ஐந்து நிமிடம் தாமதித்தாலும் லைனர் துருப்பூக்கும். இதற்கிடையே ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் சைலன்சரின் உட்குழாயிலும் படிந்த கரியைச் சுரண்டி எடுங்கள். கரி அடைத்த சைலன்சரும் இன்ஜினைச் சூடாக்கும்.

சேர்க்கும் முன் ரிங்கைத் தனியாக பிளாக்குக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். இந்த அளவு பிஸ்டனுக்கு ஏறத்தாழ 0.15 முதல் 0.35 மி.மீ. வரை இருக்கலாம். குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் சீவலாம். ரிங்கில் எழுத்து இருக்கும் பக்கம் மேலே வர வேண்டும். பிஸ்டன் பள்ளத்தில் சிறு ஆணி ஒன்று இருக்கும். ரிங்கின் இரு முனைகளும் அதன் இருபுறமும் அமர வேண்டும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம், அதாவது முன்பக்கம் பார்க்க வேண்டும். பின் லாக்குகள் புதியவையாக இருக்கட்டும், பழையதன் விறைப்பை நம்ப வேண்டாம். அவற்றின் திறந்த வாய் பிஸ்டனிலுள்ள வெட்டுக்கு நேராக வரக்கூடாது. ராடின் மேலேயுள்ள சிறு முனை நீடில் பேரிங்கையும் மாற்றி, ஆயிலில் முக்கிப் போடுங்கள். புது பேக்கிங்கை வைத்து, விரல்களால் ரிங்கை அழுத்தியபடி பிளாக்கை நேராக இறக்குங்கள். தடுத்தால் தூக்கிப் பார்க்க வேண்டும், திருகக் கூடாது. திருகினால் ரிங் முனை போர்ட்டில் மாட்டிக்கொள்ளும். ஹெட் நட்டுகளை மறுபடியும் குறுக்குக் குறுக்காக, மூன்று தவணையில், சர்வீஸ் புத்தகம் சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) இறுக்குங்கள்.

இனி வருவது பெரும்பாலான பட்டறைகளில் செய்யாத ஒரு சோதனை. சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் தகடு வைத்து அடைத்து, ஒன்றில் சிறு குழாயைச் செருகி, உள்ளே சுமார் 6 பிஎஸ்ஐ காற்றழுத்தம் ஏற்றி, ஆறு நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தனிக் கருவி தேவையில்லை. கையால் அழுத்தும் பழைய இரத்த அழுத்தக் கருவியின் ரப்பர் பந்தும் வட்டமானியும் போதும். மானியின் உச்சமான 300 மி.மீ. பாதரசம் என்பது ஏறக்குறைய 5.8 பிஎஸ்ஐ. பஞ்சர் கடைக் கம்ப்ரசரை மட்டும் இதில் மாட்டிவிடாதீர்கள், சீல்கள் பிதுங்கி வெளியே வந்துவிடும். அழுத்தம் இறங்கினால் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடமே முந்தைய பிஸ்டனைக் கொன்ற இடமாக இருக்கக்கூடும்.

ஆயில் டேங்க் ஒரு முறை காலியாகியிருந்தால் பம்பின் குழாயில் காற்று அடைத்திருக்கும். டேங்கை நிரப்பி, பம்பிலுள்ள காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று ஆயில் மட்டும் வரும்வரை விட்டு இறுக்குங்கள். பம்ப் சரியாக வேலை செய்கிறது என்று கண்ணால் கண்டாலும், முதல் டேங்கில் லிட்டருக்கு 20 முதல் 25 மி.லி. டூ டி ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்துவிடுவது என் வழக்கம். புகை கூடும், பிளக் ஒரு முறை அடைக்கவும் செய்யலாம். போர் போட்ட செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கை வைக்கும் அளவுக்கு முழுதாக ஆறவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பின், குளிர்ந்த நிலையில் ஹெட் நட்டுகளை ஒரு தரம் சரிபாருங்கள். முதல் 500 கிலோமீட்டருக்குப் பாதி ஆக்ஸிலேட்டரைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் நெடுந்தூரம் பிடிக்காமல், பின்னால் ஆளேற்றாமல் ஓட்ட வேண்டும். 100 கிலோமீட்டர் கடந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: கருப்பட்டி நிறமாக இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் மேலே ஓட்டாதீர்கள். காற்றுக் கசிவு இல்லை என்று உறுதிசெய்துவிட்டு மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டுங்கள்.

மலைப்பாதையில் இறங்குவோருக்கு இன்னொன்று. இந்த வண்டியில் ஆயில் பம்ப் ஆக்ஸிலேட்டர் ஒயரோடு இணைந்தது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டுக் கியரில் இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுழலும், ஆயிலோ சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு முறை முறுக்கிவிட்டு இறங்குங்கள்.