மறதி நோயைத் தள்ளிப்போட இப்போதே என்ன செய்யலாம்

மறதி நோய்களில் அதிகம் காணப்படும் அல்சைமரை முழுசாகத் தடுக்கும் மருந்து இன்று இல்லை, வயதையும் மரபணுவையும் நம்மால் மாற்ற முடியாது. ஆனால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதி நோய்களில் கிட்டத்தட்ட 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2024-ல் சொன்னது.

முதலில் காது. இதைத்தான் வீடுகளில் யாருமே கண்டுகொள்வதில்லை. அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், கல்யாண வீட்டில் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார் என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். காது கேட்காதவர் மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொள்வார், மூளைக்கும் வேலை குறையும். ஆடியோகிராம் என்ற காது கேட்கும் திறன் பரிசோதனை எடுத்து, தேவையென்றால் காதுக் கருவி வாங்கிக் கொடுங்கள். முதல் சில வாரம் ஒரே இரைச்சல் என்று கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார், பக்கத்தில் இருந்து பழக்க வேண்டும்.

அப்புறம் பிரஷர், சுகர், கெட்ட கொழுப்பு. நாற்பதிலேயே கட்டுக்குள் கொண்டுவாருங்கள், ஏனென்றால் மூளையின் சின்ன ரத்தக் குழாய்கள் கெடுவது பல வருஷம் வெளியே தெரியாது. சிகரெட்டை விடுங்கள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள், பேச்சுத் துணை இருந்தால் இன்னும் நல்லது.

சரி, மறதி ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டதா? அல்சைமர்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள்கூட இப்படிக் காட்டும், இவற்றைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியும். நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது, எதை மறந்தார், எப்போதிலிருந்து, பழகிய தெருவில் வழி தவறினாரா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.