டூலா வைக்கப் போறீங்களா, இத மனசுல வச்சுக்கோங்க

அம்மாவோ மாமியாரோ கூட வந்து இருக்க முடியாத வீடுகள்ல இப்போ பிரசவத்துக்கு அப்புறம் டூலா (அம்மாவுக்கு ஒத்தாசையா வீட்டுக்கு வர்ற, பயிற்சி எடுத்த உதவியாளர்) வச்சுக்குறாங்க, ஆனா அவங்கள ஆயா மாதிரி நெனச்சு பாப்பாவ கையில குடுத்துட்டு நீங்க கிச்சன்ல போய் நிக்காதீங்க ப்ளீஸ். அவங்க வர்றதே முக்கியமா அம்மாவுக்காகத்தான்! அவங்க இருக்குற நேரத்துல நல்லா தூங்குங்க, சூடா சாப்பிடுங்க, பாப்பா மார்ப சரியா கவ்வி குடிக்குதான்னு பக்கத்துல உக்காந்து பாத்து சொல்லுவாங்க, அப்பாவுக்கும் டயப்பர் மாத்த, ஏப்பம் எடுக்க வைக்க பழக்கி விடுவாங்க (இது ரொம்ப முக்கியம், அவங்க போனப்புறம் ராத்திரில கைகுடுக்க வேண்டியது அவர்தான்).

வைத்தியம் பாக்குறது டூலா வேலை இல்ல. அதனால ஒரு நோட்டு போட்டு பாப்பா எத்தன தடவ பால் குடிச்சது, எத்தன டயப்பர் நனைஞ்சதுன்னு எழுத சொல்லுங்க. 24 மணி நேரத்துல 8-12 தடவ குடிக்கணும், 5 நாளுக்கு அப்புறம் 6 டயப்பராவது நனையணும், கொறஞ்சா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. அம்மாவுக்கு அழுகையும் மனபாரமும் 2 வாரம் தாண்டியும் போகலன்னாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க, டூலாகிட்ட சொல்றதோட நிறுத்திடாதீங்க.